பத்தொன்பது நிமிடம்

1936ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்க்கும் வைத்தியசாலையின் எக்ஸ்ரே அறையில் இது நடந்தது. அங்கே கருவியை இயக்கிக் கதிர் கொடுப்பது என் வேலை. எதையும் இலக்கமிட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ஆகவே நடந்ததை முதலில் அப்படியே தந்துவிடுகிறேன்.

1. முதலாம் திங்கட்கிழமை: கதிரை அளக்கும் வில்லை நிறம் மாறப் பதினான்கு நிமிடம்.

2. இரண்டாம் திங்கட்கிழமை: பதினாறு நிமிடம். வைத்தியசாலையின் மின்சார எஞ்சின்காரரிடம் போய்க் குறை சொன்னேன்.

3. மூன்றாம் திங்கட்கிழமை: பத்தொன்பது நிமிடம். எக்ஸ்ரே குழாய் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, புதியது கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். டாக்டரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

4. அந்த வாரம் புதன்கிழமை: இணுவிலிலிருந்து ஒரு தாய் தன் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இனி விளக்கம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே கதிர் எலும்பைப் படம் பிடிப்பதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வைத்தியசாலையில் அதைச் சில தோல் நோய்களுக்கு மருந்தாகவும் கொடுக்கிறோம். அவற்றில் ஒன்று, குழந்தைகளின் தலையில் வரும் படை. அந்த நோய் முடியின் வேரிலே குடியிருக்கிறது. சரியான அளவு கதிர் பட்டால் மூன்று வாரத்தில் முடி முழுவதும் உதிர்ந்து, அதனோடு நோயும் போய்விடும். பிறகு புதுமுடி முளைக்கும். அளவு குறைந்தால் நோய் போகாது. கூடினால் தோல் கருகும். முடி பிறகு முளைக்கவே முளைக்காது. இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி அதிகமில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? சென்னையில் நான் படித்த நாட்களிலிருந்தே என்னை வியக்க வைத்த விஷயம் இதுதான். எங்களிடம் இருந்தது சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு பச்சை வில்லை. அதைக் கறுப்புத் தாளில் மூடி, குழாய்க்கும் தலைக்கும் நடுத்தூரத்தில் வைப்போம். கதிர் படப்படப் பச்சை மஞ்சளாகி, பிறகு பழுத்த இலையின் நிறத்துக்கு வரும். வில்லைகளோடு ஒரு அட்டையும் அனுப்புவார்கள். அட்டையில் உள்ள பழுப்பும் வில்லையின் பழுப்பும் ஒன்றானால் அளவு சரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதற்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று பார்ப்பேன். அந்த வாரம் வருகிறவர்களுக்கு அத்தனை நிமிடம்தான். பாவித்த வில்லைகளை என் மேசைக்கு அருகே ஜன்னல் விளிம்பில் பரப்பிவிடுவேன். வெளிச்சம் பட்டால் அவை மறுபடி பச்சையாகும். இன்னொரு தடவை பாவிக்கலாம்.

நேரம் பதினான்கிலிருந்து பதினாறு ஆனதும் நான் எஞ்சின்காரரிடம் போனேன்.

"அண்ணை, டைனமோ சரியாய் ஓடுதோ? மின்சாரம் குறையிற மாதிரிக் கிடக்கு."

"ஏன் தங்கச்சி, உங்கடை மேசையிலை இருக்கிற மீற்றர் முள்ளு ஆடினதோ?"

"இல்லை, அது நேராய்த்தான் நிக்குது."

"முள்ளு ஆடாமல் நான் ஆடுவனோ? போய் வேறை எங்கையும் தேடுங்கோ."

தேடினேன். மின்னோட்டம், தூரம், கடிகாரம், கறுப்புத் தாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளம் இட்டேன். பழைய வில்லைகளில் சந்தேகம் வந்து புதிய பெட்டி ஒன்றைத் திறந்தேன். எல்லாம் சரி. அப்படிப் பார்த்த பிறகுதான் பத்தொன்பது வந்தது. மிஞ்சியது குழாய் ஒன்றுதான். ஒழுங்காக யோசித்து முடிவுக்கு வந்ததாக எனக்கு உள்ளூரப் பெருமை.

புதன்கிழமை காலை, என் மேசைக்கு முன்னால் அந்தச் சிறுமியை உட்காரவைத்து, மொட்டையடித்த தலையில் நீலப் பென்சிலால் ஐந்து புள்ளிகள் இட்டேன். படை வந்ததால் பள்ளிக்கூடத்தில் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். ஒவ்வொரு புள்ளிக்கும் பத்தொன்பது நிமிடம் பிள்ளை ஆடாமல் இருக்க வேண்டும் என்று தாயிடம் சொன்னேன்.

"போன மாசம் டாக்குத்தர் பதினாலெண்டெல்லோ சொன்னவர்?"

"மெசின் கொஞ்சம் பலம் குறைஞ்சு போச்சு அக்கா. அதுதான் நேரத்தைக் கூட்டுறம்."

"ஓகோ. நான் நினைச்சன், ஒரு மாசத்திலை இவளின்ரை தலை பெருத்துப் போச்செண்டு."

சிறுமி சிரித்தாள். நானும் சிரித்தேன். தாய் சிரிக்கவில்லை.

"கோவிக்காதேங்கோ மிஸி. பலம் குறைஞ்சதெண்டு ஆர் சொன்னது? மெசினோ?"

"இந்த வில்லைதான் சொல்லுது" என்று மேசையைக் காட்டினேன்.

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு மகளை நாற்காலியோடு பின்னால் இழுத்தார்.

"இஞ்சாலை வா பிள்ளை, முகமெல்லாம் வெயில். போனமுறை வரேக்கை இந்த இடம் இருட்டுக் கசம். வேலிப் பூவரசெல்லாம் வெட்டிப்போட்டாங்கள் போலை. எங்கடை வளவும் உப்பிடித்தான், தோட்டத்துக்குக் குழை வெட்டினால் முத்தத்திலை வெயிலுக்கு நிக்கேலாது."

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பசளைக்காகக் கிளை தறித்த பூவரச மரங்கள் கம்பங்கள்போல் நின்றன. முதலாம் திங்களுக்குப் பிறகு பாதியும் அடுத்த வாரம் மீதியும் வெட்டியிருந்தார்கள். வெட்டிய சத்தம்கூட எனக்குக் கேட்டிருந்தது. நான் எழுதிய பட்டியல் எதிலும் அது இல்லை. ஜன்னல் விளிம்பிலோ, நானே பரப்பிவைத்த பழைய வில்லைகள் காலை வெயிலில் பச்சை பச்சையாகக் கிடந்தன.

"அக்கா, அரை மணித்தியாலம் பொறுக்கிறியளோ? எனக்கொரு சந்தேகம்."

"உங்களுக்கும் வந்திட்டுதோ? அப்ப நல்லது. எனக்கு மட்டுமெண்டால்தான் பயமாய்க் கிடந்தது."

புது வில்லை ஒன்றை வைத்துச் சரியாகப் பதினான்கு நிமிடம் கதிரை ஓடவிட்டேன். கதவுக்குப் பின்னால் நிழலில் நின்று தாளைப் பிரித்து அட்டையோடு பிடித்தேன். இரண்டும் ஒரே பழுப்பு. பிறகு அதை என் மேசைக்குக் கொண்டுபோய், வழக்கமாகச் செய்வதையே செய்தேன். வில்லையை வைத்தேன். நேரம் எழுதினேன். மின்னோட்டம் எழுதினேன். தூரம் எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது வில்லை மஞ்சளாகியிருந்தது. எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்முன்னே அது இன்னும் வெளுத்தது.

டாக்டர் அளந்த நாட்களில் வில்லையைப் பிரித்து ஒரு பார்வை பார்ப்பார், "சரி" என்பார். அது கவனக்குறைவு என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதிய பிறகே ஒப்பிடுவது என்ற முறையை நான் கொண்டுவந்தேன். பூவரச நிழல் இருந்தவரை அந்தத் தாமதம் பிழை செய்யவில்லை. நிழல் போனதும், நான் எவ்வளவு கவனமாக எழுதினேனோ அவ்வளவு நேரம் வெயில் என் அளவை அழித்துக்கொண்டிருந்தது. நிறம் போதவில்லை என்று மறுபடியும் மறுபடியும் கதிரை ஓடவிட்டிருக்கிறேன். குழாயில் ஒரு குறையும் இல்லை.

அன்று சிறுமிக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் பதினான்கு நிமிடமே கொடுத்தோம். தாய் வாசலில் நின்று தன் கணக்குக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

பின்பு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. பதினாறு நிமிடம் வந்த வாரத்தில், கொடிகாமத்துப் பெண் ஒருவருக்குக் காலில் தடித்த தோலுக்காக அந்த நேரமே கொடுத்திருந்தேன். டாக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவவைக் கூப்பிடுவம். காரணத்தை நீர்தான் சொல்லவேணும்" என்றார். அந்தப் பெண் வந்தார். காலில் உள்ளங்கை அளவு கறுத்திருந்தது, கொப்புளம் இல்லை. பிழை என்னுடையது என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எஞ்சின்காரரிடமும் போனேன்.

"முதல் எஞ்சின், பிறகு குழாய். இப்ப ஆரிலை பழி தங்கச்சி?"

"என்னிலைதான் அண்ணை."

"அப்ப சரி. இனி எஞ்சினுக்கு அஞ்சு நிமிச எண்ணெய் மிச்சம்" என்று திரும்பித் தன் வேலையைப் பார்த்தார்.

சிறுமியின் முடி மூன்றாம் வாரத்தில் உதிர்ந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதன் பிறகு வந்த மாதங்களில், அது திரும்பி முளைக்குமா என்று நான் நினைக்காத நாள் இல்லை. பதினான்கும் சரிதானா என்ற பயம் இடையிடையே வந்துபோனது.

இப்போது நிலைமை இது. கொழும்புக்கு எழுதிய கடிதம் போகவில்லை. பழைய குழாயே ஓடுகிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கிறோம். முதலில் நிறத்தைப் பார்க்கிறேன், பிறகு எழுதுகிறேன். கொடிகாமத்துப் பெண்ணின் காலில் கறுப்பு இன்னும் முழுதாக மறையவில்லை. மாதம் ஒருமுறை வந்து காட்டுகிறார். சிறுமி பள்ளிக்கூடம் போகிறாள். போன கிழமை தாய் அவளைக் கூட்டி வந்தபோது, நான் நீலப் பென்சிலால் புள்ளியிட்ட இடங்களை விரலால் முடியை விலக்கி விலக்கித் தேடினேன். ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.