சிங்கப்பூரில் லீவு

சிங்கப்பூருக்குப் போய்வந்தேன் என்றதும் ராயபுரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கால்வலிதான். அங்கே வேலை பார்த்த மாமா டிக்கெட் அனுப்பி எங்களை வரவழைத்திருந்தார். வரவழைத்துவிட்டு ஓட ஓட விரட்டினார். அந்த ஊரில் படிக்கட்டு தானாக ஓடும், அதன்மேலும் ஜனங்கள் ஓடுவார்கள். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாடா தம்பி, இந்த ஊர்ல யாருமே குந்த மாட்டாங்களா?" என்று மாமாவைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

பயணமே நைனாவுக்காகத்தான். அவர் சென்னை ஹார்பரில் கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவர். ஆள் குறைக்கப் போகிறார்கள், விருப்பப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அப்போது பேச்சு. எழுதிக் கொடுப்பதா, கடைசிவரை நிற்பதா என்று வீட்டில் மாதக்கணக்கில் அதே புலம்பல். நாலு நாளாவது மனிதர் அதை மறந்திருக்கட்டும் என்று மாமா நினைத்தார். நல்ல மனசுதான், பாவம்.

கடைசி நாள் கேபிள் கார். கடலுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகலாம். நான் அந்த ஊருக்கு வந்ததே அதற்குத்தான். ஏறப் போகும் நேரத்தில் நைனா, "நீங்க போய்ட்டு வாங்க, என்னால முடியல" என்று அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் போய்த் திரும்பியபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். மாமா வாங்கிக் கொடுத்த காப்பி பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

எதிரே கீழே துறைமுகம். கிரேன்கள் கப்பலிலிருந்து பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தன.

"எவ்ளோ நேரமா பாத்துகினு கீறேன்," என்றார் மாமாவிடம். "சாமான் எறங்கிகினே கீது. கீழ ஒரு ஆளுகூட கண்ல படல."

மாமா பையைத் தூக்கிக்கொண்டார். எனக்கானால் பசி, சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"இன்னிக்கு லீவா இருக்கும் நைனா," என்றேன்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆமாம்மா, லீவுதான்," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

அந்த நாலு நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அது என்னால்தான் என்று எனக்குத் தாங்க முடியாத பெருமை. ஊருக்கு வந்தும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நைனா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன்.