அப்பா பார்க்காத அக்கா

இதய வால்வை மாற்றாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லி முடித்ததும் திரும்பி, "அக்காவின்ர முகத்தைப் பாத்திட்டுத்தான் ஆபரேஷனுக்குப் படுப்பன்" என்றார். அந்த அக்கா எங்கே இருக்கிறார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். "தெரியாது டாக்டர். உயிரோட இருக்காங்களான்னே தெரியாது" என்றேன்.

காரில் ஏறியதும் கத்தினேன். "எண்பது வயசுக்கு மேல என்னப்பா அடம் இது?" அவர் சீட் பெல்ட்டை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர். சிக்னல் விழாமல் வண்டி நகராது.

அந்த அக்காவை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் தாத்தா யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புங்குடுதீவிலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்தவர். பிறகு மனைவியை வரவழைத்துக்கொண்டார். மூத்த பெண் குழந்தை மட்டும் தீவிலேயே நின்றுவிட்டது. அப்பா பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால், போக வர வழியில்லாமல் போயிற்று. கடிதங்கள் மட்டும் வந்தன. அவற்றின் அடியில் வீட்டில் கூப்பிடும் பெயர்தான் இருக்கும், 'பிள்ளை' என்று. பதிவுப் பெயர் அப்பாவுக்கும் தெரியாது. தீவில் அந்தப் பெயரில் எத்தனை பேரோ! சண்டையில் சனங்கள் தீவை விட்டு ஓடியபோது கடிதங்களும் நின்றன. இருந்த பழைய கடிதங்கள், கிள்ளானில் என் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது முகவரியோடு சேர்ந்து கூழாகிவிட்டன.

தேடினேன். தீவுக்காரர்களின் ஃபேஸ்புக் பக்கங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் தாத்தாவின் பெயரைப் போட்டு, இன்னாருடைய மூத்த மகளைத் தெரியுமா என்று கேட்டேன். டொரொண்டோவிலிருந்து ஒருவர், பாரிஸிலிருந்து ஒருவர், தீவிலேயே இருக்கும் ஒரு வாத்தியார் என்று எல்லோரும் அன்பாகத்தான் பதில் போட்டார்கள். அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடிந்து ஃபெடரல் ஹைவே ஜாமில் நிற்கும்போது ஃபோன் அடித்தால் யார் என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்பாவுக்கு ஏதாவதா? இல்லை, தீவிலிருந்து செய்தியா? எனக்கு இரண்டுமே பயம். அத்தை எப்போதோ இறந்துவிட்டார் என்று பதில் வந்தால் அதை எந்த வாயால் போய்ச் சொல்வேன்?

ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். "இன்னும் இருக்கிறன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தாத்தா பேரச் சொல்லி எல்லா இடத்துலயும் கேட்டாச்சுப்பா. யாருக்கும் தெரியலலா. விட்டுடுங்க."

"அவற்ர பேரைச் சொன்னா ஆருக்குத் தெரியும்? அவர் தீவின்ர மற்றக் கரை ஆள். கலியாணம் கட்டி அங்க வந்தவர், வந்த கையோட கப்பலேறிட்டார். வீடு அம்மான்ர சீதன வீடு. அம்மான்ரயும் அவவின்ர தாயின்ரயும் பேரைச் சொல்லிக் கேட்டாத்தானே."

"இத ஏன்பா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கேல்லையே."

முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன். நம் ஊர் அடையாள அட்டையில், ஐசியில், எல்லோரும் அப்பா பெயருக்குப் பின்னால்தானே நிற்கிறோம், அதனால் எனக்கு வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை. அங்கே வீடு பெண்ணுடையது, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். அக்காவைத் தீவில் விட்டதும் அதனால்தான் என்று அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். வீடு மூத்தவளுக்கு என்று முடிவாகிவிட்டது, உரியவள் இல்லாத வீடு பாழாய்ப் போகும், அவளைக் கொண்டுபோகாதே என்று பெரியவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு வீடும் காணியும்! கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இரண்டு பெண்களின் பெயரையும் குழுவில் போட்டேன். போட்ட தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. "அந்த வீடு எங்கட ஒழுங்கைக்குள்ளதான். அந்த ஆச்சி இருக்கிறா. மகளின்ர நம்பர் தாறன்." அடுப்படியில் நின்று அழுதேன். அப்பாவிடம் சொல்லவில்லை. முதலில் நான் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு பெண் எடுத்தார். "அக்கா, நான் மலேசியாவிலேர்ந்து பேசறேன். உங்க அம்மாவோட தம்பி மக" என்றேன். அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "காணி விஷயமோ?" என்றார்.

"காணியா? ஐயோ, இல்லக்கா…"

"இப்ப எல்லாரும் சொந்தமெண்டு வெளிநாட்டிலயிருந்து வருகினம். பிறகு பங்கு கேக்கினம். அம்மாவுக்கு ஏலாது. அவவைக் கரைச்சல்படுத்தாதேங்கோ." ஃபோனை வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

எவளுக்கு வேண்டும் உன் காணி என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். திட்டி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. அவரும் என்னைப் போல ஒரு மகள். முடியாத தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த ஃபோன் என்ன கொண்டுவருமோ என்று நடுங்குகிறவர்.

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இருக்கிறார் என்றதும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு குரல் பதிவு அனுப்பச் சொன்னார். "மகள், நான் உன்ர மாமா கதைக்கிறன். சாகக் கிடக்கிறன்" என்று தொடங்கினார். அப்படிச் சொல்லாதீங்கப்பா என்று அதட்டினேன். "அப்பிடிச் சொன்னாத்தான் எடுப்பினம்" என்றார்.

கேட்டுவிட்டார்கள் என்று ஃபோனில் தெரிந்தது. பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அப்பா சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். படியேறினால் அவருக்கு இளைத்தது, ஃபோனைப் பார்த்தால் எனக்கு இளைத்தது. பேசி முடிப்பதற்குள் இவருக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

அதற்கு மறுநாள் காலை அவர்களே வீடியோவில் அழைத்தார்கள். திரையில் ஒரு முகம் ஆடியது. நெற்றியும் மூக்கும் அப்படியே அப்பா. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆர், தம்பியோ?" என்றது அந்த முகம்.

என்னென்ன பேச வேண்டும் என்று அப்பா ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். எல்லாம் மறந்துவிட்டது. காணிப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது போல. "அக்கா, எங்களுக்கு அந்த வீடு வேண்டாம். சத்தியமா வேண்டாம் அக்கா" என்றார், உடைந்துபோய்.

அத்தை ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து அவரையே பார்த்தார்.

"எனக்கும் வேண்டாமெண்டுதானே ராசா, அம்மா கப்பலேறின அண்டைக்கு அழுதனான்" என்றார். "ஆர் கேட்டவை?"