அண்ணனைக் கொளுத்திய செய்தி

மைக்கை நீட்டிக்கொண்டு எவனாவது வந்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. ஒருத்தனை நடுரோட்டில் போட்டு அடித்தவள் நான். அடித்ததற்கு வருத்தமெல்லாம் கிடையாது.

சிலை செய்வது என் வேலை. கோயில் சிலை இல்லை. சாக்கு, கம்பி, வைக்கோல், சிமெண்ட் என்று கையில் கிடைப்பதை வைத்துச் செய்வது. "இதுக்கு என்னடி அர்த்தம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ரெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று என் அண்ணனை நசுக்கிக் கொன்றது. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் இறுகக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று ஆளாளுக்கு அண்ணியைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணி பிடித்தவர்களின் கையைக் கடித்தார். அப்படியும் விடவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அந்தச் சிலையைச் செய்தேன். ஆள் உயர வைக்கோல் உடம்பு, கயிற்றுக் கட்டிலில் மல்லாக்கக் கிடக்கும். தலைக்குச் சாக்கின் மேல் சிமெண்ட் பூச்சு. கண், மூக்கு, வாய் எதுவும் வைக்கவில்லை. உடம்பில் அண்ணனின் நீலச் சட்டை. கடைசியாகக் கழற்றிப் போட்டது, அண்ணி துவைக்காமல் வைத்திருந்தது. "மெட்ராஸ்ல காட்டிட்டு அப்படியே எங்கிட்ட குடுத்துடணும். எனக்குன்னு ஒங்கண்ணன் அதுல மட்டுந்தான் இருக்காரு" என்றார். மெட்ராஸ் கண்காட்சிக்கு அனுப்ப இன்னும் நாள் இருந்தது. அண்ணி தினமும் வேலை முடிந்ததும் நேரே என் கொட்டகைக்கு வந்து, அந்தச் சட்டைக் காலரில் முகத்தை வைத்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அரியலூரிலிருந்து ஒரு லோக்கல் சேனல்காரன் வந்தான். நவீனக் கலையைப் பற்றிப் பேட்டி என்றான். எனக்கும் ஆசைதான், நம்மையும் ஒருத்தன் தேடி வந்தானே என்று.

"இது யாருங்க மேடம்?"

"லாரி ஏறிச் செத்தவரு."

"மூஞ்சியக் காணோமே?"

"எங்களுக்கே காட்டல. ஒங்களுக்கு எதுக்கு?"

"லாரி ஓனர் மேல கோவம் இருக்குங்களா?"

"இருக்காதா பின்ன? கையில கெடைச்சா கொளுத்துவேன்."

சாயங்காலமே ஊர் முழுக்கப் போனில் ஓடியது. 'லாரி முதலாளிக்குக் கொடும்பாவி! கொளுத்தப்போவதாகப் பெண் ஆவேசம்!' நான் மூச்சு முட்டப் பேசியதில் அந்தக் கடைசி வரியை மட்டும் வைத்திருந்தான். எங்கள் பக்கம் மழை பொய்த்தால் வைக்கோலில் ஆள் கட்டி, கொடும்பாவி என்று தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது கொளுத்துவார்கள். வைக்கோல் ஆளைப் பார்த்ததும் அவன் புத்தி அங்கேதான் போயிருக்கிறது. போன் போட்டுக் கிழித்தேன். "மாத்திடறேன் மேடம்" என்றான். கிழித்தான்.

மறுநாள் சிலையை அனுப்பப் பெட்டி செய்யச் சொல்ல அரியலூர் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பறைச் சத்தம். கொட்டகையிலிருந்த என் சிலையை எடுத்து, கழுத்தில் கயிறு போட்டுத் தார்ரோட்டில் இழுத்து வருகிறார்கள். சிமெண்ட் தலை உடைந்து சாக்கு தொங்குகிறது. செருப்படி, விளக்குமாற்றடி. ஒருத்தி காறித் துப்பி, "ஒரு குடும்பத்தையே அறுத்தியேடா பாவி!" என்று மிதிக்கிறாள். அடித்தவர்கள் யாரோ எவரோ இல்லை. என் அண்ணனைப் பாடையில் தூக்கிப் போனவர்கள்தான். அவன் மேல் இருந்த பாசத்தில் அவனையே அடித்தார்கள். சேனல்காரன் பின்பக்கமாக நடந்துகொண்டே, "லைவ் போவுது, செருப்பு வச்சிருக்கவங்க முன்னாடி வாங்க!" என்றான்.

"அது எங்கண்ணன்!" என்று கத்தினேன். அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பறை இன்னும் வேகமெடுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கையில் தீப்பெட்டியைத் திணித்தார். "நீ கட்டுனது தாயி, நீயே வையி." தட்டிவிட்டேன். அதற்குள் வேறு எவனோ பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டான்.

வேலையிலிருந்து வந்த அண்ணி அப்போதுதான் சட்டையைப் பார்த்தார். ஐயோ, அந்தக் கத்தலை எப்படி எழுதுவேன்! நெருப்புக்குள் இரண்டு கையையும் விட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்தார். துணியோடு தோலும் வந்தது. நாங்கள் தூக்கி இழுத்தோம். சேனல்காரன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றி மூஞ்சியிலேயே அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தேன். பறை நின்றது. விஷயம் புரிந்ததும் பெரியவர் ரோட்டிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த செருப்பால் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அண்ணியின் இரண்டு கைக்கும் முழங்கை வரை கட்டு. மூக்கில் பிளாஸ்திரியோடு அவன் வேறு ஒரு போனை எடுத்துக்கொண்டு வந்தான். சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன்.

"தெரியாமப் பண்ணிட்டேங்க. சேனல்லேருந்து இப்பவே அழிச்சிடறேன்."

"அழிடா! என் கண்ணு முன்னாடி அழி!"

"அழிக்காதீங்க தம்பி" என்றார் அண்ணி. "சட்டை இப்ப அதுல மட்டுந்தான் இருக்கு. கொளுத்துறதுக்கு முன்னாடி வரைக்கும் போட்டுக் காட்டுங்க."

என் பிடி தானாக விட்டுப்போனது. அண்ணியால் பிடிக்க முடியாது என்று அவனே போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். போனிலிருந்து செருப்படிச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"அடிக்கிற சத்தம் மட்டும் வேணாம் தம்பி" என்றார் அண்ணி.