ஐயனார் காட்டுக்கு நான் கட்டிய பூ

குரும்பகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாலாபுறமும் வயல், நடுவில் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு சின்னக் காடு. இலுப்பை, நாவல், வீரை, அவற்றின் மேல் பின்னிக் கிடக்கும் கொடிகள். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வலசை வந்து இறங்கும், மரநாயும் உண்டு. உள்ளே ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க மாட்டார்கள். அந்தக் காட்டில் பாதியை வெட்டிக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறோம் என்று கோயில் தர்மகர்த்தா சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தர்மகர்த்தா வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன்.

ஊர்க்கூட்டத்தில் மழைக்காடு, பல்லுயிர் என்று பொரிந்து தள்ளினேன். காரைக்கால் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு மைக் கிடைத்தால் விடுவானா? சுண்டல் வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தது நானும் மைக்செட்காரரும்தான்.

"எதுக்கு மாப்ள சண்ட? ஐயனாருகிட்டயே பூக்கேட்டுருவோம். பூவையும் நீங்களே கட்டுங்க, அப்பறம் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க," என்றார் மச்சான்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கிண்டலடித்துத் திரிந்த மகானுபாவன் நான். ஆனாலும் காட்டைச் சாமி பொறுப்பில் விட மனம் வரவில்லை. எதை எடுத்தாலும் காடு பிழைக்கட்டும் என்று இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பூசாரி பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, வழக்கப்படி கேள்வியைச் சத்தமாகச் சொன்னார்: "ஐயா, மரத்த வெட்டி மண்டபம் கட்ட உத்தரவு கேக்குறோம். உத்தரவுன்னா வெள்ளையக் குடு."

உத்தரவு கேட்பவர் மச்சான்தானே. மரம் நிற்கட்டுமா என்று எவன் கேட்கப்போகிறான்? அந்தக் கேள்வியை நானே மனசுக்குள் போட்டு, விடையையும் கட்டி வைத்திருந்தேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். வாயை மூடிக்கொண்டால் மானம் பிழைக்கும், காடு போய்விடும்.

"அந்த இன்னொன்னையும் பிரிங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்த வேண்டியிருந்தது.

பிரித்தார்கள். அதிலும் வெள்ளை.

"ஐயனாருகிட்டயேவா கள்ள ஓட்டு?" என்று மச்சான் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். பூக்கேட்டது செல்லாது, இனி அடுத்த ஆடியில்தான் கேட்க முடியும் என்று பூசாரி சொல்லிவிட்டார். காட்டுக்கு ஒரு வருஷம் கிடைத்தது. எனக்கு டீக்கடையில் 'ரெட்ட வெள்ளை' என்று பெயர் கிடைத்தது. மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் அவரை வீட்டில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

இதோ ஆடி பிறந்துவிட்டது. நேற்று சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "இந்தத் தடவ அண்ணனே பூக் கட்டப் போவுதாம்."

"நேர்மையாக் கட்டுவாரா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேக்குற ஆளப் பாரு. எங்கண்ணன் ஒழுங்காத்தான் கட்டும்."

ஒழுங்காகக் கட்டினால் காட்டுக்குப் பாதி வாய்ப்பாவது உண்டு. வருஷம் முழுக்க நான் திட்டித் தீர்த்த மனிதரின் நேர்மையை நம்பித்தான் இப்போது அத்தனை மரமும் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.