தொட்டிப் பூதத்தைச் சொன்னது யார்

எவர்சில்வர் தாம்பாளத்தில் பகடை விழும்போது முதலில் 'ணங்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் அது கறகறவென்று ஓடி விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அடையாறில் என் தம்பி மகள் மாலதியின் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் என்றால் இந்தச் சத்தம்தான். தாம்பாளம் என்னுடையது, கல்யாணச் சீரில் வந்தது. அதில்தான் மாலதியும் அவளோடு வேலை பார்க்கிற மூன்று பேரும், எல்லாம் முப்பது தாண்டியவர்கள், இருபது முகம் வைத்த பகடையை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடுகிறார்கள். வெளியாட்கள் வந்தால் நான் உள்ளறைக்குப் போய்விடுகிறவள். படுத்தபடியே எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஆட்டத்தை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். தினேஷ் என்கிற பையன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளே வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருப்பார்கள். குகைக்குள் போகிறேன், கதவைத் தட்டுகிறேன் என்று வாயால் சொன்னால் போதும், போனதாகவும் தட்டியதாகவும் கணக்கு. பூதமோ ஓநாயோ எதிரே வந்தால் பகடை உருட்ட வேண்டும். எந்தப் பூதத்துக்கு எவ்வளவு பலம், அது என்ன செய்யும் என்பதெல்லாம் ஒரு தடிப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திருத்திப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று தினேஷ் ஒரு நாள் வாங்கி வந்தான். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது.

பழைய புத்தகத்தில், ஓநாய் கடித்தால் கீழே விழாமல் சமாளிக்க, கடிபட்டவர் ஒரு தரம் பகடை உருட்டிப் பார்க்கலாமாம். புதியதில் அது கிடையாது, கடித்தால் விழுந்தாயிற்று. குள்ளப் பூதங்களை இதுவரை மனிதரைப் போன்றவர்களோடு சேர்த்திருந்தார்களாம். இப்போது வனதேவதைகள் பக்கம் தள்ளிவிட்டார்களாம். அதனால் மனிதரைக் கட்டிப்போடுகிற மந்திரம் இனிமேல் அவற்றிடம் பலிக்காது. மாலதி ஆட்டத்துக்குள் பாடுபட்டுக் கற்று வைத்திருந்த மந்திரம் அது.

"டேய், இது அநியாயம்டா. ஓநாய்கிட்ட ஒரு சான்ஸ் இருந்துச்சு, அதையும் புடுங்கிட்டாங்க. குள்ளனையும் தூக்கி வேற கூட்டத்துல போட்டாங்க. அப்ப நான் அந்த மந்திரத்தை வெச்சுக்கிட்டு மாவாட்டறதா?" என்றாள் மாலதி.

"மச்சி, புக்ல அப்படி போட்டா நான் இன்னா பண்ணுவேன்? ஆட்டம் சீக்கிரம் நகரும்ல," என்றான் தினேஷ்.

"நகர்ந்து எங்க போகப்போறே? பீச் ஸ்டேஷன்ல வண்டியா நிக்குது உனக்கு?"

காபி ஏடு கட்டுகிற வரைக்கும் மாலதி விடவில்லை. கடைசியில் தினேஷ் கையைத் தூக்கிவிட்டான். "சரி தாயே, நம்ம டேபிள்ல ஓநாய்க்குப் பழைய ரூலு. குள்ளன மட்டும் விட்ரு."

உள்ளே படுத்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. மாலதி மேல் இல்லை, தினேஷ் மேலும் இல்லை. சிரிக்காதீர்கள், அந்தப் பழைய விதியின் மேல்தான் பொறாமை. அதற்காகத் தொண்டை கட்டக் கத்த ஒருத்தி இருந்தாளே.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கம், "ஸ்டோர்" வீடு. நீளமாக ஒரே நடை, இரண்டு பக்கமும் ஒற்றையறைக் குடித்தனங்கள், கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர். எங்களுக்கு எதிர்க் குடித்தனம் ஜமீலா வீடு. அவள் அத்தா மெத்தை தைக்கிறவர், அவர்கள் வீட்டுப் பஞ்சு எங்கள் வீட்டுச் சாம்பாரில் கிடக்கும். நான் வாயே திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று எனக்குப் பதிலாக ஜமீலாதான் சொல்லுவாள்.

ஒரு ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, ஸ்டோர் பிள்ளைகள் எல்லாம் நடையிலேயே அடைந்து கிடந்தோம். கரியால் தரையில் தாயக்கட்டம் போட்டு, ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி ஆடினோம். ஆடி ஆடிச் சலித்த ஒரு நாள், காய் போய் நின்ற ஒரு கட்டத்தைக் காட்டி, "அது தொட்டி. அதுக்குள்ள ஒண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பாகிவிட்டது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் தாங்காமல் எங்கள் வீட்டு வாசலோரத்து அரிசி டின்னுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பேசினால் என் குரல் தகரத்தில் இடித்துக் கனத்துப் போய், யாருடையதோ போல வந்தது. அதுதான் தொட்டிப் பூதம்.

அதற்கு விதியும் நானே வைத்தேன். அந்தக் கட்டத்தில் யார் காய் நின்றாலும் பூதம் காலைப் பிடித்துக்கொள்ளும். புளியங்கொட்டையை உருட்டி எல்லாம் வெள்ளையாக விழுந்தால் விட்டுவிடும். விழாவிட்டால், "பூதமே பூதமே, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். பூதம் நேராகச் சொல்லாது, ஜாடைதான் சொல்லும். கண்டுபிடித்துச் சொன்னவருக்கு விடுதலை. பூதத்துக்கு அன்றன்றைக்கு என்ன ஆசை என்றால், எனக்கு அன்றன்றைக்கு என்ன ஆசையோ அதுதான். ஒரு நாள் ஊதா ரிப்பன், ஒரு நாள் நெய் பிஸ்கோத்து, ஒரு நாள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வது. யாருக்கும் பிடிபடாது, ஜமீலா மட்டும் டின்னுக்கு அந்தப் பக்கமிருந்து பட்டென்று சொல்லிவிடுவாள். அவள் சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். "குரலக் கொறைங்கடி, மாடியில வீட்டுக்காரரு தூங்குறாரு," என்று அம்மா அதட்டுவாள். என்னைப் பார்த்து ஒருவர் குரலைக் குறைக்கச் சொன்னது அந்த மழைக்காலத்தில் மட்டும்தான்.

மழை விடுகிற சமயத்தில் முன்கட்டுக்குப் பிரேமா குடிவந்தாள். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். அவள் சாந்தோமில் கான்வெண்டில் படித்தாள். கறுப்பு ஷூ, இரட்டைப் பின்னல், வெண்கல மணி போலக் குரல். இரண்டு நாள் எங்கள் ஆட்டத்தை நின்று பார்த்தாள். மூன்றாம் நாள், "இன்னாத்துக்கு அதுகிட்ட போயி கெஞ்சிக்கினு? பூதம்னா தொடணும். தொட்டா அவுட். அவ்ளோதான்," என்றாள். கட்டத்தை அழித்துவிட்டு நடை முழுவதையும் ஆட்டக்களம் ஆக்கினாள். தொட்டியருகிலிருந்து பூதம் ஓடி வரும், தொட்டால் போச்சு. உருட்டலும் கிடையாது, கேள்வியும் கிடையாது. பெயர் மட்டும் அதே தொட்டிப் பூதம்.

நான் டின்னுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர் "பழைய ஆட்டம்தான் நல்லாயிருந்துச்சு" என்று சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். யாராவது என்ன யாராவது, ஜமீலாதான். அவள் ஓடி ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"நல்லாத்தான் கீது சரசு. சட்டு சட்டுனு போவுது. நீயும் வாயேன், ஓடலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடிப்போனாள். பிரேமா பூதமாகச் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கோபித்துக்கொள்ளாமல், "யாரு, நம்ம பிரேமா குட்டியா?" என்றார். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். தம்பி பிறந்திருந்தான், தூளி ஆட்ட ஆள் வேண்டும். தூளியை ஆட்டியபடியே வெளியே என் பூதம் அவள் குரலில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும், அவளுக்குத் தொண்டை கட்டட்டும் என்று வேண்டிக்கொள்வேன். கட்டவே இல்லை.

ஓநாய்க்காக மாலதி சண்டை போட்ட அன்று சாயங்காலம் ஜமீலாவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது பாலவாக்கத்தில் மகனோடு இருக்கிறாள். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். விசேஷம் இல்லாத நாளில் நான் கூப்பிட்டதில் பயந்துபோனாள்.

"ஒண்ணுமில்ல ஜமீலா. நம்ம ஸ்டோர்ல தொட்டிப் பூதம் ஆடுவோமே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? பிரேமா எடுத்துக் குடுத்த ஆட்டமாச்சே. இன்னா குரலு அவளுக்கு. எம் பேரப்புள்ளைங்களுக்கு அதச் சொல்லித்தான் சோறு ஊட்டுனேன்."

அத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். "அது நான் சொன்னது ஜமீலா. பிரேமா வர்றதுக்கு முந்தியே."

அவள் சிரித்தாள். சூதில்லாத சிரிப்பு, அதனால்தான் இன்னும் வலித்தது. "நீயா? நீ அப்பல்லாம் எங்க வாயத் தொறந்தே?" என்றாள். பிறகு என் முட்டி வலியைப் பற்றி விசாரித்தாள்.

அந்த ஸ்டோர் இப்போது இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்த நடையில் ஆடிய பிள்ளைகளில் நானும் ஜமீலாவும்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். பிரேமா போன வருஷம் போய்விட்டாள், அதையும் ஜமீலாதான் சொல்லி அழுதாள்.

மறுநாள் மாலதியிடம் அந்தத் தடிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி இங்கிலீஷ் எழுத்தில் வரிவரியாக ஏதோ இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "பூதத்தையெல்லாம் யோசிச்சவங்க, ரூல் மாத்தினவங்க, படம் போட்டவங்க பேருங்க அத்தை," என்றாள். அத்தனை பேருக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தொட்டிப் பூதத்தைச் சொன்னது பிரேமா இல்லை, ஜவுளிக்கடையில் துணி கிழித்தவர் மகள் சரசு. இது பத்திரிகையில் அச்சானதும் ஒரு பிரதி பாலவாக்கத்துக்கு அனுப்பும்படி மாலதியிடம் சொல்லியிருக்கிறேன். ஜமீலாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை; அவள் பேத்தி உரக்கப் படித்துக் காட்டட்டும்.