மலாயாவில் இருந்து வந்த சாதகம்

ஆடி அமாவாசை அன்று எங்கள் வீட்டில் மட்டும் மீன் காய்ச்சுவார்கள். தகப்பனை இழந்த ஆண்கள் அன்று விரதம் இருந்து, கடலில் தீர்த்தமாடித் தர்ப்பணம் செய்வது வழக்கம். எங்கள் தீவான வேலணையில் பக்கத்து ஆட்கள் சாட்டிக் கடற்கரைக்குப் போவார்கள். அப்பா போகமாட்டார். அன்று காலையில் அவரே சைக்கிளில் போய்க் கத்தோலிக்க ஆட்களிடம் மீன் வாங்கி வருவார். அம்மா இருந்த காலத்தில் அவள்தான் காய்ச்சிக் கொடுப்பாள். கேட்பவர்களுக்கு அப்பாவிடம் ஒரே மறுமொழிதான்.

"அவருக்கு அங்கை ஒரு மகன் இருக்கிறான். அவன் செய்வான்."

அங்கே என்றால் மலாயா. அவர் என்றால் அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா. அப்பா தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவர் கப்பல் ஏறிவிட்டார். றெயில்வேயில் எழுத்து வேலை. பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில்தான் அவருக்குப் போனது. கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பிறகு யுத்தம் தொடங்கி, யப்பான்காரர் மலாயாவைப் பிடித்ததும் அவை நின்றுபோயின.

யுத்தம் முடிந்தபின், பக்கத்துத் தீவில் உள்ள இறுப்பிட்டி ஆள் ஒருவர் மலாயாவில் இருந்து ஊர் திரும்பினார். அப்பப்பாவின் அறையில் கிடந்தது என்று ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தார். தண்டவாளம் போடுகிற வேலைக்கு யப்பான்காரர் அவரை வடக்கே அனுப்பினார்கள், ரயிலில் ஏறியதைக் கண்டேன், அதற்குப் பிறகு காணவில்லை என்றார். அந்த மனிதருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பொட்டலத்துக்குள் மெழுகுசீலையில் சுற்றிய ஒரு தாள் மட்டும் இருந்தது. ஒரு ஆண் குழந்தையின் சாதகம். தாய் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் இருக்கவேண்டிய மேல்பக்கம் மடிப்போடு கிழிந்து போயிருந்தது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் அப்பாவின் தாய்மாமன். எல்லோரும் முதலில் பார்ப்பதைத்தான் அவரும் பார்த்தார், நட்சத்திரத்தை. கேட்டை என்று இருந்தது. அப்பாவின் நட்சத்திரம் அனுஷம்.

இது இவனுடையது இல்லை என்று மாமன் சொல்லிவிட்டார். அதற்குமேல் விளக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. தனக்குப் பிறக்காத பிள்ளைக்கு யார் சாதகம் எழுதுவிப்பார்கள்? ரயிலில் போனவர் அங்கே வைத்திருந்த மற்றக் குடும்பத்திடம்தான் போயிருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. அப்பாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பெடியள் அவரிடம், "உன்ரை மலாயாத் தம்பி சுகமோ?" என்று கேட்பார்களாம். இதை அப்பா எனக்கு ஒரேயொரு தரம்தான் சொன்னார்.

போன வருடம் தை மாதம் அப்பா நெஞ்சு வருத்தத்தில் படுத்தார். எண்பத்தைந்து தாண்டியவர். ஆஸ்பத்திரியால் வந்த அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, தனக்குத் திதி செய்யும்போது ஐயர் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பெயர் கேட்பார், அப்பப்பாவின் பெயரைச் சொல்லாமல் விடு என்றார். எனக்கு அப்பாவோடு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இந்தக் கோபத்தோடேயே மனிதர் போய்விடப் போகிறாரே என்பதுதான் என் கவலை.

அந்த நேரம்தான் கனடாவில் இருக்கும் தங்கச்சி, குடும்ப மரம் ஒன்று எழுதப்போவதாகவும், றங்குப்பெட்டியில் உள்ள பத்திரங்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அனுப்பும்படியும் கேட்டாள். இடம்பெயர்ந்து போன காலத்தில் சட்டி பானையை விட்டாலும் அந்தப் பெட்டியை நாங்கள் விடவில்லை. காணி உறுதி, அப்பாவின் சாதகம், கலியாண எழுத்துத் துண்டு, அடியில் மெழுகுசீலைச் சுருள். அப்பா மத்தியானம் நித்திரையானபின் ஒவ்வொன்றாகக் கட்டிலில் விரித்துப் படம் எடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சாதகத்து எழுத்து எனக்குப் பாதிதான் விளங்கும். அதனால் கட்டங்களைத்தான் பார்த்தேன். அப்பாவின் சாதகமும் மலாயாச் சாதகமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இதிலே சனி இருந்த கட்டத்தில் அதிலும் சனி. வியாழனும் அப்படி. ராகுவும் அப்படி. விரலை வைத்துப் பன்னிரண்டு கட்டத்தையும் பார்த்தேன். லக்கினம், சந்திரன், எல்லாம் ஒன்றாகவே இருந்தன. நட்சத்திரம் மட்டும் வேறு. இத்தனை வருடத்தில் இந்த இரண்டு தாளையும் ஒருவரும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கவில்லை. மலாயாத் தாளை வெளியே எடுப்பதே எங்கள் வீட்டில் குற்றம்.

ஊர்காவற்றுறையில் சாதகம் பார்க்கிற ஒரு சாத்திரியார் இருக்கிறார். இரண்டு தரம் அவருடைய படலை வாசல் மட்டும் போய்விட்டு, உள்ளே ஆட்களைக் கண்டு திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் அவர் தனியே இருந்தார். யாருடையது என்று சொல்லாமல் இரண்டு தாளையும் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் ஆம்பிளைச் சாதகம். என்ன பொருத்தம் பாக்க வந்தனீர்?"

பொருத்தம் பார்க்க வரவில்லை, இவை இரண்டும் யார் என்று தெரியவேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் ஒரு கொப்பியில் நெடுநேரம் கணக்குப் போட்டார். பிறகு இரண்டிலும் கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்த பிறந்த நாழிகையைத் தொட்டுக் காட்டினார். அதுவும் ஒன்றுதான்.

"ஒண்டு வாக்கியப் பஞ்சாங்கத்திலை கணிச்சது. மற்றது திருக்கணிதம். பிள்ளை ஒண்டுதான், தம்பி."

அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு பஞ்சாங்கமும் உண்டு. இரண்டின் கணக்கும் வேறு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தை விட்டு அடுத்ததுக்குப் போகிற நேரம் ஒன்றில் முந்தும், மற்றதில் பிந்தும். அந்த இடைவெளிக்குள் பிறக்கிற பிள்ளைக்கு ஒன்றில் அனுஷம் வரும், மற்றதில் கேட்டை வரும். ஊரில் மாமன் எழுதுவித்தது வாக்கியத்தில். கடிதத்தில் வந்த நேரத்தை வைத்து அப்பப்பா அங்கே எழுதுவித்தது மற்றதில். தான் காணாத பிள்ளைக்கு அவர் சாதகம் எழுதுவித்து, மெழுகுசீலையில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்.

மலாயாவில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கவில்லை என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. இருந்தது என்று சொன்ன ஒரே தாள் பிழையாகிப் போனது. எனக்கு அது போதும். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை ஓரமாக நிற்பாட்டினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு.

அப்பாவுக்குச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சொல்லவில்லை என்றும் சொல்லலாம். இரண்டு தாளையும் அவர் மடியில் வைத்து, கட்டம் கட்டமாக விரலை வைத்துக் காட்டினேன். பிறகு சாத்திரியார் சொன்ன அந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். அப்பா கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தானும் ஒருக்கால் எண்ணிப் பார்த்தார். மாமனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த மலாயாத் தம்பி நான்தானோ?"

"ஓமப்பா."

அவர் தாளை மடித்தார். கிழிந்த பக்கம் மேலும் கிழியாதபடி மெதுவாக மடித்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது, ஆடி அமாவாசை எப்போது வருகிறது என்று கலண்டரைப் பார்க்கச் சொன்னார்.

சாட்டியில் சனம் நிறைந்திருந்தது. அப்பாவைத் தனியே தண்ணீரில் விட ஏலாது என்று முழங்கால் மட்டும் நானும் இறங்கிப் பிடித்துக்கொண்டேன். தகப்பன் உயிரோடு இருக்கிறவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை. ஐயருக்கு அவசரம். வரிசையில் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவிடம் தகப்பன் பெயரைக் கேட்டார். அப்பா சொன்னார். ஐயருக்குக் கேட்கவில்லை. அப்பா இன்னொரு தரம், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். பிறகு எள்ளும் தண்ணீரும் விட்டார்.

கரையில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு, வாழ்க்கையில் முதல்முறை விரதம் இருந்த மனிதர் என்னைப் பார்த்து, "கெதியா வெளிக்கிடு தம்பி. பசிக்குது" என்றார்.