விசாலாட்சி கார்டை எரிக்கவில்லை

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் எங்கள் மாடிப்படி ஏறினால் இடப்பக்கம் என் தையல் மெஷின், வலப்பக்கம் விசாலாட்சியின் மேசை. ஓர் அறையை இரண்டு பேராக வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் ரவிக்கை தைக்கிறேன். அவள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளை வேகப்படுத்துகிறாள். திரையில் படம் வரைகிற அந்தக் கார்டை, தயாரித்தவன் வைத்த வேகத்துக்கும் மேலே ஓடவிடுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இதுகூடத் தெரியாவிட்டால் நான் என்ன ஜென்மம்!

அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது. இங்கே வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருந்தாள். சூடான பெட்டிக்குள் சிப்புகளை வைத்து, எது தாங்குகிறது, எது சாகிறது என்று பார்க்கிற வேலை. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது மேற்பார்வையாளர் பெரிய மனது பண்ணி, கேன்டீனில் ஓர் இடம் இருக்கிறது, சேர்ந்துகொள் என்றாராம். "உங்களுக்கும்தான் வேலை போச்சு சார், நீங்க சேந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து மேசை போட்டவள் இவள்.

அவள் வேலை செய்கிற விதம் எனக்கு மனப்பாடம். வோல்டேஜை ஏற்றவே மாட்டாள். "வோல்டேஜ ஏத்துறவன் கார்டோட ஆயுச எடுத்துத்தான் வேகத்துக்குக் குடுக்குறான்" என்பாள். முதலில் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பாள். அப்புறம் வேகத்தை இத்துனூண்டு ஏற்றி அரைமணி நேரம் ஓடவிடுவாள், மறுபடி இத்துனூண்டு. படம் கலங்குகிற இடம் வந்தால் அங்கிருந்து இரண்டு படி இறங்கி நிறுத்திவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொடுமை உண்டு. கடைசிப் பரிசோதனையை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏர்கானை அணைத்துவிட்டுத்தான் செய்வாள். வேர்த்துக் கொட்டி நான் கத்தினால், "வீட்டுல யாரு லா நாள் பூரா ஏர்கான் போடுறா? இந்தச் சூட்டுல தாங்குனாத்தான் கார்டு" என்பாள். எத்தனை டிகிரி வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே ஒட்டி அனுப்புவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் அந்த யதீசன் ஊர் பார்க்க அவமானப்படுத்தினான்.

தஞ்சோங் பகாரில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை. கட்டப்போகிற வீடுகளுக்கு நிஜம் போலவே படம் செய்கிறவன். ஐந்து மாதத்துக்கு முன்னால் விசாலாட்சியிடம் கார்டை வேகப்படுத்திக்கொண்டு போனான். போன செவ்வாய்க்கிழமை, கம்ப்யூட்டர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற ஓர் இணையக் குழுவில் எழுதினான்: 'லிட்டில் இந்தியாவில் விசாலாட்சி என்பவரிடம் போகாதீர்கள். ஓவர்கிளாக் செய்து என் கார்டை எரித்துவிட்டார். வேலை நடுவே கம்ப்யூட்டர் தானாக அணைகிறது.' கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருத்தன். சமையல் செய்யட்டும் என்று இன்னொருத்தன். படித்துவிட்டு ஒரு ரவிக்கைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துத் தொலைத்தேன்.

வியாழக்கிழமை கவிப்ரியா கூப்பிட்டாள். அவள் ஓர் அனிமேஷன் நிறுவனத்தின் மேலாளர். அங்கே இருக்கிற பதினாறு கம்ப்யூட்டர்களையும் விசாலாட்சியிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. இந்த வேலைக்காக ஒரு வருஷமாக அலைந்தாள் இவள்.

"அக்கா, யார் மேல தப்புன்னு நான் கேக்கல. எங்க பாஸ் அந்த போஸ்ட்டப் பாத்துட்டாரு. நீங்க குழுவுல ஒரு சாரி போட்டுடுங்க, விஷயம் முடிஞ்சிரும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டா வேலை உங்களுக்கு."

"செய்யாத தப்புக்கு எதுக்கும்மா சாரி?"

"ஒரு வார்த்தைதானேக்கா."

விசாலாட்சி போனை வைத்தாள். நானும் அதைத்தான் சொன்னேன், மறைக்க மாட்டேன். "ஒரு வார்த்தை போட்டுட்டு பதினாறையும் வாங்கிக்கடி. அப்புறமா அவனை வச்சுப் பாத்துக்கலாம்."

என்னை முறைத்தாள் பாருங்கள்! "நீயுமா மங்களம்? நான் சாரின்னு எழுதுனா, நான் எரிச்சேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. பதினோரு வருஷத்துல என் கையில ஒரு கார்டு செத்ததில்ல." உடனே யதீசனுக்குப் போன் போட்டு, "எரிஞ்ச கார்டை நான் பாக்கணும்" என்றாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை, மத்தியானம் வாங்க என்றான்.

தனியாக விட மனசு வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு நானும் எம்.ஆர்.டி. ரயில் ஏறினேன். செங்காங்கில் பன்னிரண்டாவது மாடியில் அவன் வீடு. மரியாதையாகத்தான் உள்ளே கூப்பிட்டான். ஹாலில் கம்ப்யூட்டரைக் காணோம்.

"எங்க தம்பி வச்சிருக்கீங்க?"

சமையலறைப் பக்கம் இருந்த பாம் ஷெல்டரைக் காட்டினான். புது வீடுகளில் அது தெரிந்ததுதானே. போர் வந்தால் ஒளிந்துகொள்ள அரசாங்கம் கட்டிக்கொடுத்த குட்டி அறை. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. எல்லாரும் அதில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் அடைத்து வைப்பார்கள். இந்தப் புத்திசாலி கம்ப்யூட்டரை அடைத்திருந்தான். ஒயரை மட்டும் காற்றுத்துளை வழியாக வெளியே இழுத்துவிட்டு, ஹாலில் திரை வைத்து வேலை பார்க்கிறான். மூன்று மாதமாக இப்படியாம். ஃபேன் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லையாம், கதவைச் சாத்தினால் உள்ளே தூசியும் போகாதாம்.

அவன் மனைவி சுபாங்கி கையில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு ஒவ்வொரு ரூமா காட்டுறேன் அக்கா. இவரோட கம்ப்யூட்டருக்கும் வாரா வாரம் காட்டுவேன். சோறு போடுற சாமான் இல்லையா?"

விசாலாட்சி பெட்டியைத் திறந்தாள். காற்று இழுக்கிற வலையில் சாம்பிராணிக் கரி பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. உள்ளே அவள் ஒட்டிய சீட்டும் இருந்தது, எழுத்தே தெரியாமல். அவள் எதையும் துடைக்கவில்லை. "இப்படியே ஓடட்டும்" என்று கார்டுக்கு முழு வேலை கொடுத்து, இரும்புக் கதவைச் சாத்தினாள். நாற்பத்தோராவது நிமிஷம் கம்ப்யூட்டர் அணைந்தது. கதவைத் திறந்தால் இட்லிப் பானை மூடியைத் தூக்கியது போல அனல் முகத்தில் அடித்தது.

யதீசன் விடவில்லை. "சூடுதான், ஒத்துக்குறேன். ஆனா நீங்க ஓவர்கிளாக் பண்ணதாலதானே இவ்வளவு சூடு?"

"நல்ல கேள்வி" என்றாள். அறை ஆறும்வரை காத்திருந்தாள். தான் செய்த மாற்றத்தையெல்லாம் அவன் கண்ணெதிரே அழித்து, கடையிலிருந்து வந்த பழைய வேகத்துக்கே கார்டைத் திருப்பினாள். மறுபடி கதவைச் சாத்தினாள்.

இந்த முறை முப்பத்து நாலாவது நிமிஷத்திலேயே அணைந்தது.

"நான் வோல்டேஜக் குறைச்சதால கூட ஏழு நிமிஷம் உசிரோட இருந்திருக்கு. எரிச்சேனா, காப்பாத்துனேனா? சொல்லுங்க தம்பி."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. சுபாங்கி புருஷனைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன் லா, அதுக்குள்ள மூச்சு முட்டும் எண்டு" என்றாள்.

விசாலாட்சி வலையைக் கழற்றிக் கழுவி, ஃபேன் இறக்கைகளைத் துடைத்து, கம்ப்யூட்டரை ஹாலில் ஜன்னலோரம் வைத்தாள். தன்னுடைய வேகத்தை மறுபடி ஏற்றி ஓடவிட்டாள். அப்போது மணி நாலே முக்கால். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யதீசனுக்கு அந்த ஐந்து மணி விஷயம் தெரிந்திருக்கிறது. கவிப்ரியா அவனிடமும் பேசியிருக்கிறாள் போல. "அக்கா, இப்படிச் செய்யலாம். நான் ஒரு சாரி, நீங்க ஒரு சாரி. ரெண்டு பக்கமும் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு போட்டுடலாம். அஞ்சு மணிக்குள்ள போட்டா உங்க வேலையும் கிடைச்சிரும், எனக்கும் ஆபீஸ்ல அசிங்கம் இல்ல."

சண்டாளன், எவ்வளவு நைசாகப் பேசுகிறான்! இருந்தாலும் பதினாறு கம்ப்யூட்டர். நான் விசாலாட்சியின் முழங்கையைக் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"என் பக்கம் என்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்?" என்று மட்டும் கேட்டாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் டிகிரி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபாங்கி கொடுத்த டீயைக் குடித்தாள். ஐந்து மணி ஆனது. ஐந்து பத்துக்குப் போன் அதிர்ந்தது. வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கவிப்ரியா இரண்டு வரி அனுப்பியிருந்தாள். ஒரு வருஷம் அலைந்தாளே பாவி!

அவள் செய்தியைப் படித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், யதீசன் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு மணி தாண்டிடுச்சு. வேலை போயிடுச்சு. இனிமே உங்ககிட்ட எனக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. இப்ப எழுதுங்க."

"நான் வேணும்னா அந்த போஸ்ட்ட டெலிட் பண்ணிடுறேன்க்கா. கவிப்ரியாகிட்டயும் பேசுறேன்."

"யார்கிட்டயும் பேச வேணாம். டெலிட்டும் வேணாம். படிச்சவன் மனசுல இருக்குறத டெலிட் பண்ண முடியுமா? எடுத்த என் பேரை, எடுத்த இடத்துலயே கொண்டுவந்து வைங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நின்றபடியே போனில் தட்டினான். முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் விசாலாட்சியிடம் நீட்டினான். நானும் எட்டிப் பார்த்தேன்.

'கார்டு எரியவில்லை. காற்றே வராத அறையில் அதைப் பூட்டி வைத்தது நான். விசாலாட்சி மீது பழி போட்டதும் நான். அவர் வைத்த வேகத்தில் அது இப்போதும் நன்றாக ஓடுகிறது.'

அவள் நிதானமாக இரண்டு தடவை படித்தாள். திரையைப் பார்த்தாள். டிகிரி ஏறுவது நின்றிருந்தது.

"நன்றாகன்னு யார் வேணா எழுதலாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுபத்தோரு டிகிரின்னு போடுங்க."